ஜன்னலோரம் ஒரு தட்டைத் திண்டு

எங்கள் அண்ணியைப் பற்றி யாராவது “பாவம்” என்று பேச்சை ஆரம்பித்தால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். உனக்கு எதற்குத்தான் கோபம் வராது என்று என் அண்ணன் கேட்பான். வீட்டில் எனக்குப் பட்டாசு என்றுதான் பெயர். நாத்தனார் ஒருத்தி அண்ணியைப் பற்றிப் பெருமையாகப் பேசினால் அதில் ஏதோ உள்குத்து இருக்கும் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். உள்குத்து எனக்கு வராது. குத்துவதென்றால் நேராகவே குத்திவிடுவேன்.

நான் மெத்தை தைப்பவள். கீழே என் கடை, மாடியில் எங்கள் வீடு. அண்ணன் பஸ் ஓட்டுகிறான். அண்ணி பல் மருத்துவமனை ஒன்றில், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுத்து உட்கார வைக்கும் வேலை பார்த்து வந்தார். அதற்கு முன்னால், பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், அண்ணி லேஸ் பின்னுகிறவர். கடையில் சுருட்டி வைத்து அளந்து விற்கிறார்களே, அந்த மெஷின் லேஸ் இல்லை. கையால் பின்னுவது.

அதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நான் ஏன் இவ்வளவு கத்துகிறேன் என்று புரியாது. கெட்டியான உருளைத் திண்டு ஒன்று. அதன்மேல் துளை போட்ட அட்டை. துளைகளில் குண்டூசி. ஊசிகளைச் சுற்றி வரும் நூல்களின் முனையில் விரல் நீளத்துக்கு மரக்குச்சிகள் தொங்கும். அவைதான் பாபின். தையல் மெஷின் பாபினோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பின்னுவதற்கு இரண்டே அசைவுதான். இரண்டு ஜோடிகளை எடுத்து, நடு நூல்கள் இரண்டில் இடதை வலதின்மேல் போட்டால் குறுக்கு. அந்தந்த ஜோடிக்குள் வலதை இடதின்மேல் போட்டால் முறுக்கு. அவ்வளவுதானே என்று நானும் ஒருநாள் உட்கார்ந்தேன். எழுந்தபோது நூல் என்னையும் நாற்காலியையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தது.

அண்ணி அதை உள்ளங்கை மேலே பார்க்க, பாபின்களை விரலிடுக்கில் வாங்கி வாங்கி வீசிப் பின்னுவார். கண் ஓரிடத்தில் இருக்கும், பேச்சு இன்னோர் இடத்தில் இருக்கும், கை அதுபாட்டுக்கு ஓடும். அவர் வேலை பார்த்த லேஸ் பட்டறையில் ஜன்னலோர இருக்கை அவருடையது. நல்ல வெளிச்சம் விழும் இடம். நுணுக்கமான வேலை எல்லாம் அந்த இருக்கைக்குத்தான் போகும்.

ஒருநாள் காற்றில் வேன் கதவு சாத்திக்கொண்டது. அண்ணியின் வலது கையில் கடைசி இரண்டு விரல்கள் நடுவில் மாட்டிக்கொண்டன. எலும்பு கூடிவிட்டது, விரல்கள் மட்டும் மடங்க மறுத்துவிட்டன. விரலிடுக்கில் பாபின் நிற்கவில்லை, நழுவி விழுந்துகொண்டே இருந்தது. அண்ணி திண்டை ஒரு பழைய போர்வையில் சுற்றி அலமாரியின் மேல் தூக்கி வைத்தார். அழவில்லை. ஊரே வந்து “பாவம்” என்றது. நான் இரண்டு பேரை வாசலோடு திருப்பி அனுப்பினேன்.

இனி இந்த வருடத்துக்கு வருகிறேன். பட்டறையை நடத்தும் அம்மாளுக்கு எல்லாரும் ஊசிக்கண் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அவர் காதில் விழாத தூரத்தில். அவருக்கே கடைவாய்ப்பல் வலியில் கன்னம் வீங்கி, ஒருநாள் அண்ணியின் எதிரில் டோக்கனுக்குக் கை நீட்டியபடி நின்றார். அண்ணியின் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், வீங்கிய வாயோடு கொழகொழவென்று சொன்னார்.

“ஜன்னல் சீட்டு காலியாகுது. இப்ப அதுல இருக்கறவ மகனோட வெளியூர் போறா. கை இருந்தா வா. மாசக் கடைசிக்குள்ள வா. இல்லன்னா கேட்டுட்டு வேற ஆள் நிக்குது.”

அண்ணி டோக்கனைக் கொடுத்து, “உட்காருங்க மேடம், கூப்பிடுவாங்க” என்றார். அவ்வளவுதான் பேச்சு.

ஆனால் அன்று மாலை அண்ணி நேராக மாடிக்குப் போகவில்லை. என் கடைக்குள் வந்து, பாதி தைத்துக் கிடந்த மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தார். பையில் இருந்து நான்கு பாபின்களை எடுத்தார். இத்தனை வருடமும் அதைப் பையிலேயா வைத்திருந்தார் என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவற்றின் நூல்களை மெத்தையில் குத்தியிருந்த என் ஊசியில் மாட்டிவிட்டு, பாபின்களை மெத்தைமேல் படுக்க வைத்தார். உள்ளங்கையைக் கவிழ்த்தார். கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மட்டும் போய் ஒன்றைத் தூக்கி இன்னொன்றின்மேல் போட்டன. குறுக்கு. இன்னொரு தூக்கு. முறுக்கு. எதுவும் நழுவவில்லை. படுத்துக் கிடப்பது எங்கே நழுவும்?

“பட்டாசு,” என்றார், தலை நிமிராமல். “எனக்கு ஒரு தட்டைத் திண்டு செஞ்சு தர்றியா?”

“நீங்க அங்க போகப் போறீங்களா அண்ணி?”

“எனக்கு அந்த சீட்டு வேணும்.”

அண்ணி வாயால் ‘எனக்கு வேணும்’ என்று நான் கேட்டதே அன்றைக்குத்தான். உடனே கத்தரியை எடுத்துவிட்டேன்.

வட்டமாக, அழகாக, நல்ல பஞ்சு அடைத்து, ஓரத்துக்குப் பட்டி வைத்து ஒரு திண்டு செய்து கொண்டுபோனேன். கல்யாண மெத்தைக்குக்கூட நான் அவ்வளவு பார்த்துச் செய்ததில்லை. அண்ணி ஒரு குண்டூசியைக் குத்தினார். ஊசி மெல்லச் சாய்ந்து படுத்துக்கொண்டது.

“இதுல தூக்கம்தான் நல்லா வரும்,” என்றார் அண்ணி.

அண்ணன் சிரித்த சிரிப்பில் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. மெத்தை என்றால் மெத்தென்று இருக்க வேண்டும் என்பதுதான் என் கைக்குத் தெரிந்த வேலை. மறுநாள் மரக்கடையில் போய் மூட்டையாக மரத்தூள் வாங்கி வந்தேன். கொஞ்சம் போட்டு மரச்சுத்தியலால் இடி, இன்னும் கொஞ்சம் போட்டு இடி. அண்ணனின் சிரிப்பை நினைத்துக்கொண்டு இடித்தேன், நன்றாகவே இறுகியது. அடுத்த தடவை ஊசி குத்திய இடத்தில் சிப்பாய்போல நின்றது. கனம்தான் கொஞ்சம் கூடிவிட்டது. ஓர் ஆள் சுமை.

அண்ணி மருத்துவமனையில் இருந்து வந்ததும் கூடத்து மேசையில் உட்கார்ந்துவிடுவார். விசிறி விசிறியாக ஓரம் வரும் ஒரு பழைய அட்டையை எடுத்துக்கொண்டார். முதல் வாரம் பார்க்கச் சகிக்கவில்லை. கை எதையோ தேடும், கண் கையைத் தேடும். முன்பு பாபினின் பாரமே நூலை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இப்போது அவை படுத்துக் கிடப்பதால் ஒவ்வொரு பின்னலுக்கும் தானே சுண்டி இறுக்க வேண்டியிருந்தது. ஆனாலும் இரண்டாவது வாரத்தில் சத்தம் வந்துவிட்டது. டக் டக் என்று ஒரே சீராக மரம் மரத்தில் தட்டும் சத்தம். சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அண்ணன் குழாயை மூடிவிட்டு நின்று கேட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சோப்பு போய்விட்டது என்றான்.

அதற்கப்புறம்தான் வினை ஆரம்பித்தது. மாலையில் ஒரு விசிறி பின்னி வைப்பார். காலையில் எழுந்து அதைக் கண் கொட்டாமல் பார்ப்பார். “எங்கேயோ ஒரு முறுக்கு விட்டுப்போச்சு” என்பார். ஊசிகளைப் பிடுங்கி, பாபின்களைத் திருப்பித் திருப்பி, பின்னியதை எல்லாம் பிரித்துவிடுவார். மாலையில் திரும்ப முதலில் இருந்து. காலையில் திரும்பப் பிரிப்பு.

“எங்க விட்டுப்போச்சு, காட்டுங்க,” என்று நான் கடையில் இருந்து பூதக்கண்ணாடியைக் கொண்டுபோய் நின்றேன்.

“காட்டத் தெரியல. ஆனா இருக்கு.”

“இல்லாததை எப்படிக் காட்டுவீங்க! நல்லா இருக்கறதைப் பிரிக்கிறீங்க அண்ணி!”

“உனக்கு இது தெரியாது பட்டாசு.”

நியாயம்தான், எனக்குத் தெரியாது. அதனால் இன்னும் கோபம் வந்தது. மாதம் ஓடிக்கொண்டிருந்தது, திண்டில் ஒரு சாண் லேஸ் கூடச் சேரவில்லை. அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “வேண்டாம்னு நான் சொல்லலை. அத்தனை பேர் முன்னாடி போய் அவ தலைகுனிஞ்சு நிக்கக்கூடாதே, அதுதான்” என்றான். வாயை மூடு என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்குள்ளும் அதே பயம்தான் இருந்தது என்பதை அவனிடம் நான் ஏன் சொல்ல வேண்டும்?

தீர்வு அவனிடம்தான் இருந்தது, அவனுக்கே தெரியாமல். தினமும் மாலை சாப்பிடும் முன் அந்த லேஸைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்வான், டிப்போவில் கூட வேலை செய்பவர்களிடம் காட்டி அலட்டிக்கொள்ள. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் அந்தப் படங்களை எனக்குத் தள்ளித் தள்ளிக் காட்டினான். நான் போனைப் பிடுங்கிக்கொண்டு போய் அண்ணியின் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

“இது நேத்து சாயங்காலம் பின்னினது. இன்னைக்குக் காலைல பிரிச்சீங்களே, அதேதான். எங்க தப்புன்னு இப்ப சொல்லுங்க.”

அண்ணி படத்தைப் பெரிதாக்கினார். நூல் நூலாகப் பார்த்தார். அதற்கு முந்தைய நாள் படம், அதற்கும் முந்தைய நாள் படம் என்று பார்த்துக்கொண்டே போனார். காபி ஆறிப்போனது. கடைசியில் போனை மேசைமேல் வைத்தார்.

“எல்லாமே சரியாத்தான் இருந்திருக்கு,” என்றார்.

“நான் சொன்னா கேட்டாத்தானே!”

“கை சரியாத்தான் போட்டிருக்கு பட்டாசு. நான்தான் நம்பலை.” தன் வலது கையை, மடங்காத அந்த இரண்டு விரலோடு, யாருடையதோபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்றிலிருந்து பிரிப்பது குறைந்தது. ஆனால் முழுதாக நிற்கவில்லை. காலையில் திண்டுக்கு முன்னால் நிற்கும்போது விரல் துறுதுறுக்கும். அதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மாதக் கடைசியில் பட்டறைக்குப் போனோம். திண்டைச் சுமந்தது நான். என்னால்தானே அவ்வளவு கனம். நீளமான கூடம், வரிசையாக உருளைத் திண்டுகள், மரத் தாங்கிகளில் நிமிர்ந்து நிற்கின்றன. பாபின்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கி ஆடுகின்றன. ஜன்னலோரம் ஒரு தாங்கி மட்டும் காலியாக நின்றது. அண்ணி அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. நான் வட்டத் திண்டை நடுவில் இருந்த மேசைமேல் தொப்பென்று வைத்ததும் அத்தனை சத்தமும் நின்றது.

“என்ன இது, தாம்பாளத்தோட பரிமாற வந்திருக்காங்களா?” என்று யாரோ சொல்ல, இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நான் திரும்பினேன். அண்ணி என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார்.

ஊசிக்கண் வந்தார். கன்னம் வற்றியிருந்தது, கண் வற்றவில்லை. “இங்க எல்லாரும் தொங்கவிட்டுத்தான் பின்னுறாங்க. படுக்க வெச்சா நூல் தளரும்,” என்றார்.

“தளர்ந்தா சொல்லுங்க மேடம்,” என்றார் அண்ணி.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு, வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. சோதனைக்கு வருகிறவர் காலையில் பாதி பின்ன வேண்டும். இடைவேளையில் எல்லாரும், வந்தவர் உட்பட, வெளியே போய்விட வேண்டும். ஊசிக்கண் மட்டும் தனியாக உள்ளே போவார். பாபினில் ஒரு ஜோடியை இடம் மாற்றுவார், அல்லது ஒரு முறுக்கைக் கூட்டியோ குறைத்தோ வைப்பார். இதற்குக் கலைத்து வைப்பது என்று பெயர். திரும்பி வருகிறவர் அதைக் கண்டுபிடித்து, அந்த இடம் வரை மட்டும் பிரித்து, சரிசெய்து, மீதியை முடிக்க வேண்டும். அண்ணி முதன்முதலில் சேர்ந்தபோது இரண்டு பாபின் இடம் மாறியிருந்ததைக் கண்டுபிடித்தாராம். அது பத்து விரலும் வேலை செய்த காலம்.

காலையில் அண்ணி பின்னியதை நான் ஓர் ஓரமாக நின்று பார்த்தேன். தூக்கு, போடு, சுண்டு. தூக்கு, போடு, சுண்டு. விசிறியின் முதல் பாதி எழுந்து வந்தது. ஊசிக்கண் இரண்டு தடவை வந்து நகத்தால் நூலைத் தட்டிப் பார்த்தார். தளரவில்லை. அடுத்த வரிசைக்கு நகர்ந்தார். சிரித்தவர்களில் ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு, சிரிக்காமல் திரும்பிப் போனாள்.

இடைவேளையில் வெளியே நடையில் நின்றோம். எனக்குத் தேநீர் இறங்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரி ஒருத்தி, எப்போதும் கொட்டாவி விடுவதால் கொட்டாவி என்றே பெயராம், நல்ல மனசுக்காரி, அண்ணியின் பக்கம் சாய்ந்து, “எனக்கு வலது ஓரத்துலதான் கலைச்சு வெச்சாங்க. முதல்ல அங்க பாரு” என்று குசுகுசுத்தாள். அண்ணி தலையாட்டினார். உள்ளே கதவு சாத்தியிருந்தது. அந்த அம்மாள் என்னென்ன அக்கிரமம் செய்கிறாரோ என்று அந்தக் கதவையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்தது. எல்லாரும் அவரவர் இடத்துக்குப் போனார்கள், ஆனால் யாரும் வேலையைத் தொடவில்லை. எல்லாருடைய கண்ணும் எங்கள் மேசைமேல்தான். ஊசிக்கண் கையைக் கட்டிக்கொண்டு எதிரில் நின்றார்.

அண்ணி குனிந்து பார்த்தார். இடது ஓரத்தில் ஆரம்பித்து ஒவ்வொரு ஊசியாக, ஒவ்வொரு நூலாகக் கண்ணை ஓட்டி, பாபின் வரை வந்தார். வலது ஓரம் வந்தது. கொட்டாவி புருவத்தைத் தூக்கித் தூக்கிக் காட்டினாள். அண்ணியின் கை மேலே எழுந்தது. அந்த விரல் துறுதுறுப்பு எனக்குத் தெரியும்! வீட்டில் தினமும் காலையில் பார்த்ததுதான். ஒரு ஊசியின் தலையைத் தொட்டார். பிடுங்கிவிடுவார் என்று நினைத்தேன். பிடுங்கட்டும் என்றும் நினைத்தேன், உண்மையைச் சொன்னால். கலைத்துத்தானே வைத்திருப்பார்கள், எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தானே! ‘அண்ணி, நல்லாப் பாருங்க அண்ணி’ என்று எனக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

அண்ணி கையை எடுத்தார். நிமிர்ந்தார்.

“நீங்க எதையும் தொடலை மேடம்,” என்றார்.

கூடத்தில் ஒரு சலசலப்பு. கொட்டாவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நல்லாப் பாத்தியா?” என்றார் ஊசிக்கண்.

“பாத்தேன்.”

“இன்னொரு தடவை பாத்துக்கோ. அவசரம் இல்ல. தப்பு இருக்கறது தெரியாம மேல பின்னிட்டா அதோட முடிஞ்சுது, தெரியும்ல?”

இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? எனக்கே அந்த லேஸில் ஆயிரம் தப்பு தெரிய ஆரம்பித்தது. அண்ணி மறுபடி குனியவில்லை. தன் வலது கையை ஒரு கணம் திண்டின்மேல் அப்படியே வைத்திருந்தார்.

“வேண்டாம் மேடம். இது நான் விட்டுட்டுப் போன மாதிரியேதான் இருக்கு,” என்றார். அடுத்த ஜோடியைத் தூக்கினார். குறுக்கு. முறுக்கு. ஊசி. டக் டக் என்று அந்தச் சத்தம் கிளம்பியது. கூடம் முழுக்க அந்த ஒரு சத்தம்தான் கேட்டது. நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

விசிறி முடிந்தது. அண்ணி கடைசி ஊசியைக் குத்திவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார். ஊசிக்கண் குனிந்து, மேலிருந்து கீழ்வரை, ஏதோ பகைவனின் வீட்டைச் சோதனை போடுவதுபோல் பார்த்தார். ஒரு பூதக்கண்ணாடியை மேலே பிடித்துப் பார்த்தார். நகத்தால் தட்டினார். ஏய், சொல்லித் தொலையேன் என்று வாய்வரை வந்துவிட்டது எனக்கு.

“தொடலைதான்,” என்றார். “உன் சீட்டுக்கு வந்தவங்கள்ல யார் யாருக்கோ நான் கலைச்சு வெச்சிருக்கேன். எல்லாரும் கண்டுபிடிச்சுடுவாங்க, தேடினா கிடைக்கத்தானே செய்யும். போன வாரம், இந்தச் சீட்டைக் கேட்டுட்டு நிக்கறாளே அவளைக் கூப்பிட்டு, கலைக்காம விட்டுப் பாத்தேன். நல்ல கைதான். தேடித் தேடி, இருந்ததை எல்லாம் பிரிச்சுப் போட்டுட்டு அழுதா. ஜன்னல் சீட்டு வேலையில நான் பக்கத்துல நின்னு சரி, தப்புன்னு சொல்லிட்டிருக்க முடியாது.”

பிறகு திண்டைத் தூக்கப் பார்த்தார். முடியவில்லை. “யாரு செஞ்சது இதை? கல்லா வெச்சு அடைச்சிருக்கு?”

“நான்தான்,” என்றேன். “மரத்தூள். உங்களுக்கும் வேணும்னா சொல்லுங்க, செஞ்சு தர்றேன்.”

அந்த அம்மாளின் உதடு கோணியது. சிரிப்பு என்றுதான் நினைக்கிறேன். அவர் கூடத்தைப் பார்த்துத் திரும்பினார்.

“என்னடி வேடிக்கை? அந்த ஜன்னல்கிட்ட இருக்கற ஸ்டாண்டைத் தூக்கிப் பின்னாடி வைங்க. இவளுக்கு அது உதவாது. நல்லதா ஒரு மேசை கொண்டாந்து போடுங்க. கால் ஆடாத மேசையா பாத்துப் போடுங்க.”

நாலைந்து பேர் எழுந்தார்கள். எத்தனையோ வருடமாக அதே இடத்தில் நின்ற தாங்கியைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். பரிமாற வந்தாளா என்று கேட்டவளே மேசையின் ஒரு பக்கத்தைப் பிடித்து வந்தாள். கொட்டாவி ஒரு காகிதத்தை மடித்து மேசைக் காலுக்கு அடியில் வைத்து ஆட்டிப் பார்த்தாள். மேசை ஆடவில்லை. அண்ணி எழுந்து போய் அதன் முன்னால் உட்கார்ந்தார். வெளிச்சம் அவர் கைமேல் விழுந்தது, பத்து விரல்மேலும். நான் திண்டைச் சுமந்துபோய் எதிரில் வைத்தேன். அப்போதுதான் அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பாவமாம், பாவம்! சொன்னவர்களை எல்லாம் கூட்டி வந்து அந்த ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நிற்க வைத்திருக்க வேண்டும்.

தெருவுக்கு வந்ததும் அண்ணனுக்குப் போன் போட்டேன். பஸ்ஸைக் கடைசி நிறுத்தத்தில் போட்டுவிட்டுக் காத்துக்கொண்டிருந்திருக்கிறான், முதல் மணியிலேயே எடுத்தான்.

“என்ன ஆச்சு? சீட்டு கொடுத்தாங்களா?”

“மேசை போட்டுட்டாங்கடா,” என்றேன். நடுத்தெருவில் நின்று ஓவென்று அழுகிறேன்.

“என்ன மேசை? ஏய் பட்டாசு, எதுக்கு அழற? அவங்க என்ன சொன்னாங்க?”

“உன் பொண்டாட்டிக்குடா! ஸ்டாண்டைத் தூக்கிட்டு, அவங்களுக்குன்னு மேசை போட்டுட்டாங்க!”